வீரய்யா பார்க்காத ஆள்

என் முதல் புத்தகத்தின் அறுபதாம் பக்கத்தில் ஒரு மனிதரைப் பொய்யர் என்று எழுதியிருந்தேன். அது அச்சாகியும் விட்டது. அந்தப் பக்கம் வெளியே போகாமல் தடுத்தவர் அந்த மனிதரின் மகள். பெயர் அழகம்மா. கொடிமலைத் தோட்டத்து மேல்பிரிவில் கொழுந்து பறிக்கிறார். வயது ஐம்பது. அவருக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனைப் புத்தக வெளியீட்டு விழாவில் இரண்டு வரியில் சொன்னேன். அது போதாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

புத்தகம் தலைவர் சோலைமலையின் கொலையைப் பற்றியது. 1986 செப்டெம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, கீழ்ப்பிரிவில் தொழிற்சங்கக் கூட்டத்தை முடித்துவிட்டு மேல்பிரிவுக்கு ஏறி வந்த தலைவரை, ரோட்டு வளைவில் வைத்து மாலை நாலரை மணிக்கு யாரோ சுட்டார்கள். சுட்டவர் யார் என்று இன்றுவரை தெரியாது. யாரும் தண்டிக்கப்படவும் இல்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் அந்த வளைவைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்தித்தான் வளர்ந்தோம்.

நான் பேராதனையில் வரலாறு படித்தவன். எங்கள் லயத்து வீடுகளிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள். அம்மா ஜீவராணி கொழுந்து பறித்துத்தான் படிக்க வைத்தார். பட்டம் வாங்கிய கையோடு எழுதத் தொடங்கியது இந்தப் புத்தகத்தைத்தான். மூன்று வருடம் பிடித்தது. கொழும்பில் ஒரு காப்பகத்தில், கொலையைப் பற்றிய விசாரணை அறிக்கையை ஆங்கிலத்தில் முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். எங்கள் தோட்டத்தில் பிறந்த ஒருவர் அந்தக் கோப்புக் கட்டை அவிழ்த்தது அதுவே முதல் தடவை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

அறிக்கை சொன்னது இதுதான். சுட்டவன் நண்பகலிலிருந்து வளைவுக்கு மேலுள்ள ஒன்பதாம் நம்பர் மலையில், அடர்ந்த தேயிலைக்குள் ஒளிந்திருந்தான். தலைவர் வளைவுக்கு வந்ததும் ரோட்டில் இறங்கிச் சுட்டான். அன்று அந்த மலையில் காவலுக்கு நின்றவர் வீரய்யா. தலைவரின் உடலிடம் முதலில் ஓடி வந்தவரும் அவரே. அவருடைய சட்டையெல்லாம் இரத்தம். "பகல் பூரா மேட்டில நின்னேன், மலையில ஒரு ஆளையும் பாக்கல" என்று அவர் சொன்னதை, நம்பத்தக்கதல்ல என்று ஒரே வரியில் எழுதி முடித்திருந்தார்கள்.

நான் அதைப் பத்து வரியாக விரித்தேன். "வீரய்யா பொய் சொன்னார், எதற்காக என்பது அவரோடு புதைந்துவிட்டது" என்று முடித்தேன். அந்த வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நண்பர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினேன்.

வீரய்யாவின் மகள் மேல்பிரிவிலேயே இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். "அந்தப் பொம்பள பேசாது தம்பி, நீ போய் அவமானப்படாத" என்று நாலு பேர் சொன்னார்கள். நான் போகவில்லை. எங்கள் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்கு முக்கால் மணி நேர நடைதான். கொழும்புக்குப் பதினேழு தடவை போய்வந்தவன் அந்த முக்கால் மணி நேரத்தை நடக்கவில்லை.

நடந்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். கொலைக்குப் பிறகு வீரய்யாவைக் காவலிலிருந்து எடுத்து, வடிகால் கான் வெட்டும் வேலையில் போட்டார்கள். அது தோட்ட நிர்வாகியான துரையின் தண்டனை. தோட்டத்துச் சனங்களின் தண்டனை வேறு. மாசி மாதம் காமன் கூத்தில் வருடா வருடம் தூதன் வேஷம் கட்டியவர் அவர். அடுத்த மாசியில் அந்த வேஷத்தை வேறொருவருக்குக் கட்டினார்கள். வீரய்யா காமன் பொட்டலுக்குப் போய் ஓரமாக நின்று பார்த்துவிட்டு வந்து படுத்தவர், பிறகு கூத்துச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வாராம். எட்டு வருடம் கழித்து இறந்தபோது பாடை தூக்க ஆள் போதவில்லை. பக்கத்துத் தோட்டத்திலிருந்து அழகம்மாவின் தாய்மாமன்கள் வந்து தூக்கினார்கள்.

கொலை நடந்தபோது அழகம்மாவுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் "காட்டிக்குடுத்தவன் மக" என்று கூப்பிட்டார்கள். ஒரு நாள் ஒருத்தியின் சிலேட்டைப் பிடுங்கி அவள் தலையிலேயே உடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அதோடு படிப்பு முடிந்தது. பதினாறு வயதில் பெயர் பதிந்து மலைக்குப் போனார். கல்யாணப் பேச்சு மூன்று தடவை வந்து நின்றது. நாலாவதாக வந்தவர் பொகவந்தலாவைக்காரர், இந்தக் கதை தெரியாதவர். தெரிந்த பிறகும் கூடவே இருந்தார். "அந்த மனுசன் ஒரு நாளு கூட கேக்கல" என்று அழகம்மா சொன்னபோது அவர் முகத்தில் இருந்த நன்றியை நான் பார்த்தேன். ஆறு வருடத்துக்கு முன் அவரும் இறந்துவிட்டார். மகள் நிலக்ஷி மட்டும் இருக்கிறாள்.

நிலக்ஷி ஹட்டனில் ஓர் அச்சகத்தில் வேலை செய்கிறாள். என் புத்தகம் அச்சானதும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை வெளியீட்டு விழா. வியாழக்கிழமை காலை தாள்களை மடித்து அடுக்கும்போது தாத்தாவின் பெயர் அவள் கண்ணில் பட்டது. முதலாளியிடம் சொல்லிவிட்டு, அந்த மடிப்பில் ஒன்றை எடுத்துக்கொண்டு அரை நாள் லீவில் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அன்று மாலை கொழுந்தை நிறுத்துக் கொடுத்த கையோடு அழகம்மா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை.

"நீதானே தனுஷன்?"

"ஆமாங்க அத்த. உள்ள வாங்க."

"உள்ள வர வரல. இத எழுதுனது நீதானா?"

தைக்காத தாள்களை நீட்டினார். நான் தலையசைத்தேன்.

"எங்கப்பா பொய் சொன்னாருன்னு போட்டிருக்க."

"விசாரணை அறிக்கையில அப்பிடித்தாங்க இருக்கு. நானா எழுதல."

"அறிக்கைய எழுதுனவன் மலை ஏறுனானா?"

"வந்து பாத்திருப்பாங்க..."

"நீ கண்டியா? சரி, அத வுடு. அந்த ஆளு ஒளிஞ்சிருந்தது எந்த மலைன்னு எழுதியிருக்க? படி."

"ஒன்பதாம் நம்பர் மலை."

"இன்னொருக்கா படி."

படித்தேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு கூப்பிடாமலே உள்ளே வந்து பலகையில் உட்கார்ந்தார்.

"முப்பத்தெட்டு வருஷமா எந்த மலைன்னு ஒருத்தரும் சொல்லல தம்பி. எங்கப்பாகிட்டயும் சொல்லல. 'தேயிலைக்குள்ள ஆளு இருந்திருக்கான், நீ மறைக்கிற'ன்னு மட்டுந்தான் சொன்னாங்க. நம்பரு நீதான் இன்னைக்கி சொல்ற." தாளைத் திருப்பினார். "இந்தப் படம் என்னா?"

"தலைவரோட சவ ஊர்வலம். வளைவுகிட்ட எடுத்தது."

"படத்துல என்னா பாத்த?"

"சனங்க. முன்னுக்குப் பெட்டி தூக்குறவங்க..."

"சனத்துக்குப் பின்னால?"

"மலை."

"என்னா மலை?"

எனக்குப் புரியவில்லை. அடுப்படியிலிருந்து வந்த அம்மா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "கவ்வாத்து மலைடா" என்றார், அதுகூடத் தெரியாதா என்ற குரலில்.

நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை தேயிலைச் செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். அதுதான் கவ்வாத்து. வெட்டிய மலை இரண்டு மூன்று மாதத்துக்கு மொட்டையாக, குச்சி குச்சியாக நிற்கும். படத்தில் நின்றது அப்படித்தான். இடது பக்கத்தில் "அடர்ந்து வளர்ந்த தேயிலைக்குள்" என்று என் வாக்கியம். வலது பக்கத்தில் அதே மலை, தூரத்தில் நிற்கும் நாய்கூடத் தெரிகிற மாதிரி வெறுமையாக. இரண்டையும் எதிரெதிரே வைத்தவன் நானே. முகங்களைப் பூதக்கண்ணாடி வைத்து எண்ணியவன், மலையைப் பார்க்கவே இல்லை.

"இதுல கோழி ஒளியாது" என்றார் அழகம்மா. "துப்பாக்கிக்காரன் பகல் பூரா ஒளிஞ்சிருந்தானாம்!"

"பட்டம் குடுக்குறப்ப இவனுக்கு ஒரு கண்ணாடியும் சேத்துக் குடுத்திருக்கலாம்" என்றார் அம்மா.

எனக்குச் சுருக்கென்றது. விட்டுக்கொடுக்க மனமில்லை. "படம் எடுத்தது ரெண்டு நாள் கழிச்சுங்க. அதுக்குள்ள வெட்டியிருந்தா?"

அழகம்மா முதல் தடவையாகச் சிரித்தார். "தலைவரு செத்து எட்டு நாளு ஒருத்தன் கத்தியத் தொடல. நீதானே எழுதியிருக்க, தோட்டமே வேலை நிறுத்தம்னு! நிலக்ஷி அதையுந்தான் வாசிச்சுக் காட்டுனா. இங்க பாரு, குச்சியில தளிர் வந்திருக்கு. வெட்டி ரெண்டு மாசமாச்சும் இருக்கும். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த மலையிலதான் வெட்டிப்போட்ட மிலாறுக் குச்சி பொறுக்குவேன், அடுப்புக்கு."

"நான் என்னா செய்யணும்ங்க?" என்றேன்.

"அந்தப் பக்கம் வெளிய போகக் கூடாது."

பிழைதிருத்தம் என்று ஒரு துண்டுத் தாள் அச்சடித்து ஒவ்வொரு புத்தகத்திலும் ஒட்டலாம் என்றேன்.

"ஒட்டுன தாளு வுழுந்துரும். எழுத்து வுழாது. நான் செத்தப்பறம் நிலக்ஷி புள்ளைங்க அதப் படிக்கணுமா?"

அவர் கேட்டது நியாயம். ஆனால் புத்தகம் என்னுடையது மட்டுமல்ல. தலைவரின் மகன் ஜெயகாந்தன் அண்ணன் தந்த கடிதங்கள், படங்கள், அணிந்துரை எல்லாம் அதில் இருந்தன. விழாவை நடத்துவதும் அவரே. ஐம்பத்தேழு வயதான அவர், அக்கரப்பத்தனை பஜாரில் வன்பொருள் கடை வைத்திருக்கிறார். வீரய்யாவின் பெயரைக் கேட்டாலே பேச்சை நிறுத்துகிறவர். அவர் சம்மதிக்காமல் அந்தப் பக்கத்தைத் தொட முடியாது. இதைச் சொன்னதும் அழகம்மாவின் முகம் இறுகியது.

"அந்தக் கடைப் படியில நான் கால் வெச்சதில்ல. நீதான் பேசணும்."

வெள்ளிக்கிழமை விடிந்ததும், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு முன்னால் என்னை மலைக்குக் கூட்டிப்போனார். போனில் இருந்த படத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். உட்கார்ந்த மாடு மாதிரி ஒரு பாறை, அதன் தலைமாட்டில் முனியாண்டிக் கல். படத்தில் இருந்ததும் அவையே. ஒன்பதாம் நம்பர்தான், சந்தேகமில்லை. இப்போது அங்கே தேயிலை இடுப்புக்கு மேல் வளர்ந்திருந்தது. புத்தகத்துக்காக நான் வந்து பார்த்தபோதும் அப்படித்தான் நின்றது. அதைப் பார்த்துத்தான் அறிக்கை சொன்னதை நம்பினேன். மலை எப்போதும் ஒரே மாதிரி நிற்கும் என்று, தோட்டத்தில் பிறந்தவனே நினைத்துவிட்டேன்.

வீரய்யா காவல் நின்ற மேட்டில் ஏறி நின்றேன். அங்கிருந்து ஒன்பதாம் நம்பர் முழுவதும் உள்ளங்கை மாதிரித் தெரிகிறது. மற்ற மலைகளையும் ரோட்டு வளைவையும் குன்று மறைக்கிறது. சுட்டவன் வேறெங்கோ இருந்து வந்திருக்கிறான். வீரய்யா எந்த ஆளையும் பார்க்கவில்லை என்றது உண்மை. பார்க்க அங்கே ஆள் இருக்கவில்லை.

ஒன்பது மணிக்குக் கடைக்குப் போனேன். ஜெயகாந்தன் அண்ணன் விழா அழைப்பிதழ்களைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லத் தொடங்கினேன். வீரய்யா என்றதும் கையை உயர்த்தினார்.

"நல்ல காரியம் வருது தம்பி. அந்தப் பேர இப்ப எடுக்காத."

"ஒரே ஒரு கேள்விண்ணே. ஒன்பதாம் நம்பர் மலை..."

"அதுக்கென்னா?"

"ஆள் அங்கதான் ஒளிஞ்சிருந்தான்னு அறிக்கை சொல்லுது. நானும் எழுதியிருக்கேன். நீங்க அந்த அத்தியாயத்த வாசிக்கலயா?"

"அத என்னால வாசிக்க முடியல" என்றார். பிறகு அவர் கை நின்றது. "எந்த மலைன்ன?"

"ஒன்பது."

அவர் தன் இடது கைப் பெருவிரலை மடக்கிக் காட்டினார். நுனியில் பழைய வெட்டுத் தழும்பு. "இது அந்த மலையில பட்டது. எண்பத்தாறு ஏழாம் மாசம். எனக்குப் பத்தொம்பது வயசு. கவ்வாத்துக்குப் பேரு குடுத்திருந்தேன். அப்பா தலைவரா இருந்தாலும் மகன் கத்தி பிடிக்கணும்னுவாரு. அந்த மலைய நாங்கதாண்டா வெட்டி முடிச்சோம்."

படத்தை முன்னால் வைத்தேன். வீட்டு அலுமாரியில் இத்தனை வருடம் இருந்த படம். எடுத்து என்னிடம் தந்ததும் அவரே. பெட்டியைத்தான் எப்போதும் பார்த்திருக்கிறார். அவரும் மலையைப் பார்க்கவில்லை. நெடுநேரம் குனிந்திருந்தார்.

"எங்கிட்ட 'தேயிலைக்குள்ள'ன்னு மட்டுந்தான் சொன்னாங்க" என்றார். "வளந்த மலை ஏதோ ஒண்ணுன்னு நெனச்சேன். நம்பரு கேக்கல. ஒரு வார்த்த கேட்டிருந்தா..."

கடையை வேலையாளிடம் விட்டுவிட்டு எழுந்தார். "வா, போவோம்."

நாங்கள் போனபோது அழகம்மா பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தார். வாசலில் ஜெயகாந்தன் அண்ணனைக் கண்டதும் எழுந்து நின்றார். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நிலத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"தங்கச்சி, தேத்தண்ணி இருந்தா குடு."

அந்த வீட்டில் மேல்பிரிவு ஆட்கள் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அழகம்மா கேத்தலை அடுப்பில் வைத்தார். முதுகைக் காட்டிக்கொண்டே, "கடைக்காரர் வீட்டு தேத்தண்ணி மாதிரி இருக்காது. இது தோட்டத்துல குடுக்குற தூளு" என்றார்.

"நான் வெட்டுன தேயிலையாத்தான் இருக்கும், குடு" என்றார் அண்ணன். குடித்து முடிக்கும்வரை யாரையும் பார்க்கவில்லை. "உங்கப்பாவ நான் அடிக்கவும் போயிருக்கேன். தெரியுமா உனக்கு?"

"தெரியும். அடுப்புக்குப் பின்னால நான்தானே நின்னேன்."

"மன்னிச்சிக்க தங்கச்சி."

"பட்டவரு போயிட்டாரு. நான் என்னத்த மன்னிக்க?" என்றவர், கேத்தலைத் தூக்கி, "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டாண்ணே?" என்றார்.

இரண்டாவது கோப்பையைப் பிடித்துக்கொண்டுதான் அண்ணன் அந்தக் கேள்வியைக் கேட்டார். முப்பத்தெட்டு வருடமாக அவர் யாரிடமும் கேட்க முடியாத கேள்வி. பொய்யர் என்று தள்ளிவிட்ட மனிதர்தான் அவருடைய தந்தையின் பக்கத்தில் கடைசியாக இருந்தவர்.

"எங்கப்பா ஏதாச்சும் பேசுனாராம்மா?"

"பேசுனாரு. விசாரணையிலயும் எங்கப்பா சொன்னாராம். அவங்க எழுதிக்கல. இதெல்லாம் எதுக்குன்னு சொல்லிட்டாங்களாம்." அழகம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "தலைய மடியில வெச்சிருந்தாராம். தண்ணி கேப்பாருன்னு பாத்தா, 'வீரய்யா, கால்ல அட்டை ஏறியிருக்கு, எடுத்து வுடு'ன்னாராம். எங்கப்பா வாயில மென்னுக்கிட்டிருந்த பொயல எச்சியத் தொட்டு எடுத்து வுட்டாராம். 'போயிருச்சா?'ன்னு கேட்டாராம். 'போயிருச்சுங்க தலைவரே'ன்னாராம். அவ்வளவுதான்."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் சிரித்தார், கண்ணில் நீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"துரைமாருக்கு முன்னுக்கு மேசையத் தட்டிப் பேசுவாரு. அட்டைன்னா மட்டும் பயம். யாருக்கும் தெரிய விடமாட்டாரு. சவுக்காரத்த காலு ரெண்டுலயும் பூசிக்கிட்டுத்தான் மலை ஏறுவாரு. எங்கம்மாவுக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும்." முகத்தைத் துடைத்துவிட்டு என்னிடம் திரும்பினார். "எழுதிக்க தம்பி."

பின்னேர பஸ்ஸில் ஹட்டனுக்குப் போனேன். புத்தகம் தைக்கப்படாமல் மடிப்பு மடிப்பாக இருந்ததால், பதினாறு பக்கம் கொண்ட அந்த ஒரு மடிப்பை மட்டும் திரும்ப அடித்தால் போதும் என்றார் முதலாளி. ஆனால் பத்து வரியை எடுத்தால் பக்கத்தில் பத்து வரி வெற்றிடம் நிற்கும். அதை நிரப்பியாக வேண்டும். கணினிக்கு முன்னால் நிலக்ஷி உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் நின்று நான் சொல்லச் சொல்ல அடித்தாள். அன்று மலை எப்படி நின்றது என்பது மூன்று வரி. வீரய்யா சொன்னது உண்மை என்பது ஒரு வரி. மிச்சம் ஆறிலும் தலைவரின் காலில் இருந்த அட்டையும் அதை எடுத்துவிட்டவரின் பெயரும்.

புத்தகத்தில் நான் தேடி எடுத்தவை நூற்றுக்கணக்கில் உண்டு. அவற்றில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் இதுவரை என்னிடம் பேசிய வாசகர்கள் எல்லோரும் பேசியது அந்த ஆறு வரியைப் பற்றித்தான். அதை எனக்குத் தந்தவர், நான் அவமதித்த வீட்டிலிருந்து என் வாசல் தேடி நடந்து வந்தவர். அவர் வராமல் இருந்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று நினைக்கும்போதெல்லாம் மனதுக்குள் கைகூப்பிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை விழாவில் முதல் பிரதியை ஜெயகாந்தன் அண்ணன் அழகம்மாவுக்குக் கொடுத்தார். வாங்கியவர் மேடையைவிட்டு இறங்கவில்லை. அங்கேயே நின்று பக்கத்தைத் தேடி எடுத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசிக்கத் தொடங்கினார். அடுத்துப் பேச வேண்டியவர் மைக்கின் முன் நின்று தொண்டையைச் செருமினார். அண்ணன் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். மண்டபம் முழுக்க மேல்பிரிவுச் சனம். அழகம்மா கடைசி வரியை முடித்துத் தலையைத் தூக்கும்வரை அத்தனை பேரும் காத்திருந்தார்கள்.